வடிவாத் தெரியுதோ?

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நோயாளியாக உட்காரவில்லை. கண் பரிசோதனை என் வீட்டுக்காரருக்குத்தான். கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவர்தான் தபால்காரர். இலங்கையில் பஸ்ஸெல்லாம் அரசாங்கத்துக்கு மாறியதற்கு அடுத்த வருஷம் அது. கொஞ்ச நாளாகக் கடிதங்களை எட்டப் பிடித்து விலாசம் படித்தார். "கெழவனாயிட்டீங்க" என்று வழியெல்லாம் கேலி செய்துகொண்டே வந்தேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. கொழுந்து எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் வேறு.

அவர் வேலை சீக்கிரம் முடிந்தது. வெள்ளெழுத்து (வயதாகும்போது கிட்ட உள்ள எழுத்து மங்குவது). கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைப் பார்த்து, "வந்தனீங்கள்தானே, நீங்களும் இருங்கோ, பாப்பம்" என்றார்.

"எனக்கென்னங்கய்யா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தேன்.

என் இடது கண்ணை அட்டையால் மூடி, சுவரில் தொங்கிய எழுத்துகளைக் காட்டி, "வடிவாத் தெரியுதோ?" என்று கேட்டார். எங்களுக்கு வடிவு என்றால் அழகு.

"அழகாத்தான் இருக்குங்கய்யா" என்றேன்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "தெளிவாத் தெரியுதோ எண்டு கேக்கிறன்" என்று டாக்டரும் சிரித்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். கடைசி வரி வரை வாசித்தேன்.

அட்டை வலது கண்ணுக்கு மாறியது.

"ஏங்கய்யா லைட்ட அணைச்சிட்டீங்க?"

அட்டையை எடுத்ததும் அறையெல்லாம் வெளிச்சம். நானே கையால் மூடிப் பார்த்தேன். ஓரத்தில் மட்டும் சாம்பலாக ஏதோ அசைந்தது. ஐயோ, எத்தனை நாளாக இப்படி? இடது பக்கத்துச் செடியில் கொழுந்தை விட்டுவிட்டுப் போகிறேன் என்று கங்காணி ஏசும்போதெல்லாம், பனியில் தெரியவில்லை என்று அவரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

கண்ணழுத்த நோய் (கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுப்பது) என்றார் டாக்டர். பலருக்கு வலியே இருக்காதாம்.

"போன பார்வை திரும்பாதுங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"திரும்பாது. வலது கண்ணிலயும் தொடங்கிட்டுது. அதையாவது காப்பாத்துவம்."

வீட்டுக்காரர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்து கட்டுப் போட்டார்கள். அந்த நாட்களில் எனக்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை. இருமலை வைத்துத்தான் அவர் வந்திருப்பதைத் தெரிந்துகொண்டேன். இந்தக் கண்ணும் போய்விட்டால் என்ற நினைப்பு ஒரு நிமிஷமும் விடவில்லை.

கட்டைப் பிரித்த டாக்டர் அதையே கேட்டார். "வடிவாத் தெரியுதோ?"

எதிரே புதுக் கண்ணாடியோடு என் வீட்டுக்காரர் நின்றார். "தெளிவாவும் இருக்குங்க, வடிவாவும் இருக்குங்க" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இதைப் படிக்கிறவர்கள் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்.

முன்பெல்லாம் விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதிலிருந்துதான் என் நாள் தொடங்கும். இப்போது அது கண்ணில் விடும் முதல் சொட்டு மருந்தில் தொடங்கி, கடைசிச் சொட்டில் முடிகிறது. வழியில் வீட்டுக்காரர் என் இடது பக்கமாகவே நடக்கிறார். திரும்பினால்தான் தெரிவார். அடிக்கடி திரும்பிப் பார்க்கிறேன்.