பெட்டிக்குப் பின்னால் ஒரு விசுவாசி

செவிலிமேட்டுச் சபையில் ஆர்மோனியப் பெட்டி வாசித்த தனசேகரனுக்கு மனிதர்கள் என்றாலே இளக்காரம். சபையைக் கவனிக்கும் உபதேசியார் பாட ஆரம்பித்தால் முகத்தைச் சுளிப்பார். பெண்கள் பக்கம் சுருதி விலகினால் துருத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பி முறைப்பார். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை, சலவைச் சட்டை, ஞாயிறு வந்தால் பெட்டி. இது போதாதா? கர்த்தரே கைப்பட எழுதிக் கொடுத்து அனுப்பிய ஆள் என்று தன்னைப் பற்றி நினைப்பு.

வாசிப்பு நன்றாகத்தான் இருக்கும். அதோடு நிறுத்திக்கொண்டாரா என்றால் இல்லை. ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்று உபதேசம் வேறு செய்வார்.

"விசுவாசம்ன்றது சங்கீதம் மாதிரிபா. தெனம் சரளி வரிசை வாசிக்காத வெரலு ஞாயித்துக்கெழம சொன்ன பேச்சு கேக்காது. ஜெபமும் அப்டித்தான்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர் மனைவி பட்டம்மாள் மட்டும் ஆட்டமாட்டாள். ஜெபம் என்று அவர் கண்ணை மூடியதும் குறட்டை கிளம்புவதை வீட்டில் கேட்கிறவள் அவள்தானே.

தனசேகரனுடைய அப்பா வாலிப வயசில் பறை அடித்தவர். ஞானஸ்நானம் வாங்கியபின் அதை விட்டுவிட்டாலும் கை மட்டும் சும்மா இருக்காது. சோற்றுத் தட்டிலாவது தாளம் போடும். "நான் போறப்ப நல்லா அடிக்கச் சொல்லுடா" என்று இளைய மகன் ராஜவேலுவிடம் கேட்டிருந்தார். பாலாற்று மணல் லாரி ஓட்டும் ராஜவேலு அப்படியே செய்தான். கல்லறைக்குப் போகிற வழியில் சங்கத்து ஆட்கள் நின்று பார்த்தார்கள். தனசேகரனுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "இந்த அசிங்கத்த நிறுத்துடா!" என்று நடுத்தெருவில் தம்பியைப் பார்த்துக் கத்தினார். பறை நிற்கவில்லை. பெற்ற தகப்பனுக்கு ஒரு பிடி மண்கூடப் போடாமல் பெரிய மனிதர் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அன்றோடு தம்பியிடம் பேச்சு இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. மனஸ்தாபத்தோடு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கக் கூடாது என்பது அந்தச் சபையில் கண்டிப்பு. சண்டை போட்டவர்கள் முதலில் வாசலில் பேசித் தீர்த்துக்கொண்டுதான் பீடத்துக் கிராதியின் முன் முழங்காலிடுவார்கள். தனசேகரனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஜனங்கள் போய் வரும்வரை யாராவது பெட்டி வாசிக்க வேண்டுமே! கண்ணை மூடி உருகி உருகி வாசித்தார். மாகறல், முசரவாக்கம் என்று பல சபைகளுக்கு ஓடுகிற போதகருக்கு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பெட்டிக்காரர் விருந்துக்கு வந்தாரா என்று யார் பார்த்தார்கள்? கடவுளை ஏமாற்ற இதைவிடச் சௌகரியமான இடம் காஞ்சிபுரத்தில் கிடையாது.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த நர்ஸ் மேரிதான் அதைப் பார்த்தாள். நாற்பது வயது விதவை. பெட்டி கற்றுக்கொடுங்கள் என்று அவள் கேட்டபோது, "இது ஊசி போடற வேல இல்லம்மா" என்று தனசேகரன் சிரித்தார். அவள் உபதேசியாரைப் பிடித்தாள். தினமும் டூட்டிக்குப் போகுமுன் கோயிலைத் திறக்கச் சொல்லி, ஒரே கீர்த்தனையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்திப் பரமண்டல ஜெபமும் சொல்வாள்.

ஒருநாள் பெட்டியைத் துடைத்து வைக்க வந்த தனசேகரன் அதைக் கேட்டுவிட்டார். "ஏம்மா, அடுத்தவங்கள மன்னிக்கிறோம்னு சொல்ற எடத்துல வந்து வந்து முட்டிக்கினு நிக்கிறியே, ஜெபம் மறந்துபோச்சா?"

"எங்க பெரிய நர்ஸம்மா பேரு தொண்டையிலயே நிக்குதுண்ணா. அத முழுங்கிட்டுத்தான் மேல சொல்றது. நேத்துக்கு இன்னிக்கு கொஞ்சம் சீக்கிரம் எறங்குது."

சுத்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த முதல் ஞாயிறு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேரி போதகரிடம் சொன்னாள்: "ஐயா, பெட்டி வாசிக்கிற அண்ணன் விருந்துக்கு வந்து நான் பாத்ததே இல்ல. ஒரு பாட்டு கத்துக்கினேன். நான் வாசிக்கிறேன், அவரு வரட்டும்."

"அடடா, இத்தன நாளா கவனிக்காம இருந்துட்டேனே! வாங்க தனசேகரன்" என்றார் போதகர். மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் எதிரில் அந்தத் தைரியம் அவருக்கு எங்கே? எழுந்துபோனார். கிராதியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் ராஜவேலு.

"வாண்ணா" என்று தம்பி நகர்ந்து இடம் விட்டான்.

தனசேகரன் முழங்காலிட்டார். ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தவருக்கு வந்தது இதுதான்: "அந்தம்மா சுருதி தப்பா புடிக்குது."

சொன்ன கையோடு எழுந்து பெட்டிக்கே ஓடினார். "எழுந்திரும்மா, நான் வாசிக்கிறேன்."

மேரி பெட்டியின் சுரக்கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரிஞ்சது இந்த ஒரு பாட்டுதான். அதையும் கெடுக்காதீங்க. போங்கண்ணா."

உட்கார இடமில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. போதகர் பாத்திரத்தோடு காத்திருந்தார். எத்தனையோ கீர்த்தனை வாசித்த விரல்கள் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டன. இவ்வளவு நாளில் ஒரு நாளாவது, தூங்கப் போகுமுன்னாவது, மன்னிப்புக் கேட்கிற அந்த வார்த்தையைத் தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தால் இப்போது நாக்கு புரளுமே என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. ஏளனம் செய்ய இந்த முறை வேறு ஆள் அகப்படவில்லை.

திரும்பிப் போய்த் தம்பி பக்கத்தில் முழங்காலிட்டார். தொண்டையைக் கனைத்தார்.

"அப்பாவுக்கு... அந்த மேளம்..." அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தரம் ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றுபோனது.

ராஜவேலு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சரிண்ணா. மீதிய நாளைக்கு வந்து சொல்லு" என்றான்.