புளி போட்டுத் துலக்கிய மூடி

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கோலசிலாங்கூர் மலைமேல் பழைய கோட்டைச் சுவரோரம் அகழாய்வுக்கு ஆள் கேட்டபோது, சம்பளமில்லாத அந்த வேலைக்கு முதலில் பெயர் கொடுத்தவள் நான். காலையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு, மதியம் பஸ் பிடித்து மலையேறுவேன். "டுயிட்டே இல்லாத வேலைக்கு, காசு வராத வேலைக்கு எதுக்குலா இந்த ஓட்டம்?" என்று லயத்து வீடுகளில் கேலி செய்தார்கள். எத்தனையோ தலைமுறையாக யாரும் பார்க்காத ஒன்றை முதலில் பார்க்கிற கண் என்னுடையது என்று அவர்களிடம் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

என் கையைப் பற்றி எனக்குத் திமிர் உண்டு. மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவும் கை. படித்த பிள்ளைகள் குழியில் கொத்திக்கொண்டிருப்பார்கள். நான் மண்ணைத் தாள் கனத்துக்குச் சீவி எடுப்பேன். குழிக்குப் பொறுப்பான அதிகாரியை சார் என்போம். கோலாலம்பூர்த் தமிழர், லேசில் பாராட்டமாட்டார். அவரே ஒரு நாள், "அடுத்த மாசம் புதுக் குழி தொறக்கிறோம். அதுல நீதான் மொத ஆளா எறங்கணும்" என்றார். அன்று பஸ்ஸில் எனக்கு உட்காரவே தோன்றவில்லை.

அந்த வாரமே ஒரு செப்பு மூடி கிடைத்தது. சுண்ணாம்பு டப்பா மூடியாக இருக்கலாம் என்றார் சார். உள்ளங்கைக்குள் அடங்கும், மண் அப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அவர் டவுனுக்குக் கிளம்பும்போது, "கெடச்சதையெல்லாம் கழுவி வைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை. கையில் செப்பு மூடி. மண் கரைந்ததும் அடியில் பச்சைக் களிம்பு. எங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு வேறென்ன தோன்றும்? மலையடி மாமாக் சாப்பாட்டுக் கடையில் மீன்கறிக்கு வைத்திருந்த புளியில் ஓர் உருண்டை கேட்டு வாங்கி, குத்துவிளக்கைத் துலக்குவது போலத் துலக்கினேன். மூடி புதுசாக மின்னியது. சார் வந்ததும் பெருமையாக நீட்டினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "களிம்பு மேல ஏதாச்சும் தெரிஞ்சிச்சா?"

தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். அழுக்கு என்று அதைத்தான் முதலில் தேய்த்தேன். பார்த்தது நான் ஒருத்திதான். இல்லை என்று சொன்னால் அதோடு முடிந்தது. உண்மையைச் சொன்னால் புதுக் குழி போய்விடும்.

"தெரிஞ்சிச்சு சார். சீலை நெசவு மாதிரி கோடு. நாந்தான் தேச்சிட்டேன்."

சார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ அதைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். துணி மக்கிப்போனாலும் நெசவு களிம்பில் பதிந்து நின்றிருக்கிறது என்றார். என் கைமேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "பாத்தத வரை."

வரைந்தேன். கோடுகளின் நெருக்கம், ஓரத்தில் ஒரு மடிப்பு, எதையும் விடவில்லை. அடியில் 'துலக்கியதில் அழிந்தது' என்று அவர் எழுத, நான் கையெழுத்துப் போட்டேன்.

புதுக் குழியில் வேறொருவர் முதலில் இறங்கினார். அழுகை வந்தது; ஆனாலும் நான் விட்டுவிட்டு ஓடவில்லை. கடைசி நாள் வரை மேலே உட்கார்ந்து, வெறும் தண்ணீரில், பானை ஓடுகளைக் கழுவினேன்.

மூடி பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. என்ன பளபளப்பு என்று பார்க்கிறவர்கள் வியந்தார்கள். அந்தத் துணியை முதலில் பார்த்த கண் என்னுடையதுதான். கடைசியாகப் பார்த்ததும் அதுதான்.