சுருக்குப்பை அளவுல ஒரு போன்

போன் வாங்கணும்னு எனக்கு என்னிக்கும் ஆசை வந்தது கிடையாது. ஒரு பொய் சொல்லித் தொலைச்சேன், அதைக் காப்பாத்தத்தான் வாங்கினேன். ஆனா வாங்கப் போன அந்த ஒரு நாள் இருக்கே, கல்யாணப் புடவை எடுக்கப் போனப்பகூட நான் அவ்ளோ குஷியா இல்ல. சத்தியமா.

எங்க பக்கம் நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளர்னு ஒருத்தர் இருப்பாங்க. வந்தவங்க பேரை நோட்டைப் பாத்துக் கூப்பிடணும், காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ எல்லாரையும் நிக்க வச்சுப் போன்ல படம் எடுத்து ஏத்தணும். படத்துல மூஞ்சி இருந்தாதான் அன்னிக்குக் கூலி. இத்தனை வருஷமா அந்த வேலை ஊருக்குள்ள இருக்கறவங்க கையிலதான். எங்க காலனில இருந்து ஒருத்தர்கூட அந்த நோட்டைத் தொட்டது கிடையாது. மம்மட்டியத் தொடுவோம், கூடையத் தொடுவோம், நோட்டைத் தொடமாட்டோம்.

ஒரு வியாழக்கிழமை பஞ்சாயத்து கிளார்க் வந்து, "பொறுப்பாளரா பொம்பளையப் போடணுமாம். பன்னெண்டாவது படிச்சவங்க யாருனா கீறீங்களா?"ன்னு கேட்டாரு. நான் கூடையைக் கீழ போட்டுட்டுக் கையத் தூக்கினேன்.

"டச் போன் கீதா?"

"கீது சார்!"

எங்க கீது? வூட்டுல இருந்தது ஒரே ஒரு போன். அதுவும் வூட்டுக்காரர்து. விடிஞ்சா கம்பெனி பஸ்ஸுல அவரோட போயிடும், இருட்டினப்புறம்தான் திரும்பி வரும். எனக்கு வாய் முந்திக்கினு போயிடுச்சு.

"அப்ப திங்கக்கிழமை ஏரி வரத்துக்கால்வாய் வேலை ஆரம்பிக்குது. போனோட வந்து நில்லு. இல்லன்னா பழைய ஆளே பாத்துக்கட்டும்"னு சொல்லிட்டு, போன்ல இன்னின்ன இருக்கணும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு. பழைய ஆள் பக்கத்துலயே பைக் மேல உக்காந்துக்கினு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குச் சாப்பாட்டுலகூட ருசி இல்லாம பண்ணிடுச்சு. வூட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுட்டு, "பொய் சொல்றதுதான் சொன்ன, ஒரு சின்ன பொய்யா சொல்லக் கூடாதா?"ன்னாரு. அப்பறம் அவரே, "வாங்கிக்க, போ"ன்னாரு.

சனிக்கிழமை என் ஓரகத்தியக் கூட்டிக்கினு உத்திரமேரூர் போனேன். அவங்க எனக்கு மூத்தவங்க, அக்கான்னுதான் கூப்பிடுவேன். எதை வாங்கினாலும் நொட்டை சொல்றதுல அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. அதுக்காகத்தான் கூட்டிக்கினு போனதே. பஸ்ஸுல போறப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. "உன் கையில கீற துட்டுக்கு இன்னா போனுடி குடுப்பான்? பொம்மைப் போன்தான் குடுப்பான்."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்க ஒரு கடை. கடைக்காரத் தம்பி எடுத்த எடுப்புலயே முறம் அளவுல நாலு போனைப் பரப்பிட்டான். வெலையக் கேட்டதும் ஓரகத்தி என் முந்தானையப் பிடிச்சு வெளிய இழுக்குறாங்க. நான் சீட்டைக் காட்டி, "இதுல எழுதினது எல்லாம் இருக்கணும், வெலை கம்மியா இருக்கணும், சின்னதா இருக்கணும்"னேன்.

"சின்னதா? எல்லாரும் பெருசு கேப்பாங்க, நீ இன்னாக்கா சின்னது கேக்கற?"

அடுக்குக்குக் கீழ, தூசி படிஞ்ச ஒரு அட்டைப்பெட்டில இருந்து எடுத்தான் பாருங்க. என் உள்ளங்கையில அப்டியே உக்காந்துச்சு. கட்டை விரலு இந்த மூலைல இருந்து அந்த மூலைக்குப் போவுது! வூட்டுக்காரர் போனைப் பிடிச்சா எனக்கு ரெண்டு கையும் வேணும். இதுக்கு ஒரு கை போதும். சீட்டுல எழுதினதும் எல்லாம் சரியா இருந்துச்சு. எனக்கு அப்பவே மனசு துள்ளிடுச்சு. ஆனா மூஞ்சில காட்டல. காட்டினா கடைக்காரன் ஒரு ரூபா குறைக்க மாட்டான்.

"நான் செக் பண்ணணும்"னேன்.

"பண்ணுக்கா. யூடியூப் போடட்டா?"

"யூடியூப் கிடக்கட்டும்"னு இடுப்புல இருந்த சுருக்குப்பைய எடுத்தேன். வெத்தலை, சில்லறை எல்லாத்தையும் அவன் மேஜை மேல கொட்டிட்டு, போனை உள்ள வுட்டு கயிறை இழுத்தேன். வாய் மூடிக்கிச்சு! இடுப்புல சொருகிக்கினு, கடைக்குள்ளயே மண்ணு வார்ற மாதிரி குனிஞ்சேன், நிமிந்தேன். ஓரகத்திய கூடை தூக்கி வுடுங்கன்னேன். அவங்களும் இல்லாத கூடைய என் தலைல ஏத்திவுட்டாங்க. கடைய ஒரு சுத்து சுத்தி வந்தேன். நழுவல, குத்தல. பெரிய போனை வச்சுக்கினு இப்டிக் குனிஞ்சா நேரா கால்வாய்க்குத்தான் போவும்.

அப்பறம் வெயிலு. கடைக்குள்ள டியூப் லைட்டுல எந்தப் போனும் ராஜா மாதிரிதான் இருக்கும். எங்க வேலை ஏரில, மொட்டை வெயில்ல. போனை எடுத்துக்கினு ரோட்டுக்கு ஓடினேன். "அக்கா! அக்கா! பில்லு போடலக்கா!"ன்னு பின்னாடியே ஓடி வந்தான். நடு ரோட்டுல நின்னு பாத்தேன். எழுத்து மங்கலாத்தான் இருந்துச்சு, ஆனா படிக்க முடிஞ்சுது. அவனோட பெரிய போனைக் குடுறான்னு வாங்கிப் பாத்தா, என் மூஞ்சிதான் தெரியுது, வேற ஒண்ணும் தெரியல. எனக்கு ஒரே சந்தோஷம். "தம்பி, உன் பெருசு தோத்துடுச்சுடா!"ன்னேன்.

அடுத்தது சேறு. ஒரு டம்ளர் தண்ணி கேட்டேன். குடிக்கத்தான் கேக்கறேன்னு நெனச்சுக் குடுத்தான். ரோட்டோர மண்ணைக் குழைச்சு விரல்ல தேச்சுக்கினு நான் போனைத் தொடப் போனதும் அவன் தலைல கைய வச்சுக்கினான்.

"நீ போன் வாங்க வந்தியா, எனுக்குப் பேஜார் குடுக்க வந்தியா?"

"எனக்கு வேலை நேரத்துல கை இப்டித்தாம்பா இருக்கும்."

சேத்துக் கைக்கு அது அசையல. புடவைல ஒரு இழுப்பு இழுத்துட்டுத் தொட்டேன், தொறந்துக்கிச்சு. போதும்! சோப்பு போட்டுக் கழுவிக்கினு வரச் சொல்லாத வரைக்கும் போதும்.

கடைசியா கேமரா. இதுதான் முக்கியம். அவன் செவுத்துல இருந்த காலண்டரைப் படம் எடுத்துக் காட்டறான். காலண்டரா என் கிட்ட வேலைக்கு வருது? அந்நேரம் பாத்து எங்க தெருப் பொம்பளைங்க சாமான் வாங்க பஜாருக்கு வந்திருந்தாங்க. ஒரு சத்தம் போட்டேன். பத்துப் பேர் பையும் கூடையுமா ஓடி வந்துட்டாங்க. ஓரகத்தியையும் சேத்துப் பதினோரு பேரைக் கடை வாசல்ல நிக்க வச்சேன். ஒருத்தி தோள்ல ஒருத்தி கைய போட்டுக்கினு, இடிச்சுக்கினு, ஒருத்தி இடுப்பை ஒருத்தி கிள்ளிக்கினு நின்னாங்க. டீக்கடைல இருந்தவங்க எல்லாம் எழுந்து வந்து வேடிக்கை பாக்கறாங்க. பின்னாடி பஸ்ஸு ஹாரன் அடிக்குது. "இருய்யா, வருகைப்பதிவு நடக்குது!"ன்னு கத்தினேன்.

படத்தை விரலால இழுத்து இழுத்துப் பெருசாக்கி ஒவ்வொரு மூஞ்சியா எண்ணினேன். பதினொண்ணும் சுத்தம். "அக்கா, உங்க மூக்குத்திக் கல்லுகூடத் தெரியுதுக்கா!"ன்னேன். ஓரகத்தி போனைப் பிடுங்கிப் பாத்துட்டு, முதல் தடவையா நொட்டை சொல்லாம வாய மூடினாங்க. பதினோரு பேரு பாதி படத்தைக்கூட அடைக்கல. எங்க வேலைக்கு முப்பத்திரண்டு பேரு. மூணு வரிசையா நிக்க வச்சா தாராளமா அடங்கும்னு கணக்குப் போட்டேன். தப்பான கணக்கு. அது எனக்கு அப்பத் தெரியல.

பில்லு போடறப்ப கடைக்காரத் தம்பி, "நெஜமா சொல்லுக்கா, நீ எந்தப் போன் கம்பெனில டெஸ்ட் பண்ற ஆளு?"ன்னு கேட்டான். சிரிச்சுக்கினே ஒரு உறையும் சும்மா குடுத்தான்.

ஞாயித்துக்கிழமை கிளார்க் போன்ல வருகைப்பதிவு ஆப்பை ஏத்திக் குடுத்தாரு. திங்கக்கிழமை நாஷ்டாகூடத் துன்னாம கிளம்பிட்டேன். முதல் ஆளா கால்வாய்க்குப் போய் நின்னேன். எல்லாரும் வந்தாங்க. பேரு கூப்பிட்டேன். நான் கூப்பிடறேன், ஊர்ப் பொம்பளைங்க "கீறேன்", "கீறேன்"ன்னு பதில் சொல்றாங்க! உள்ளுக்குள்ள எனக்கு மேளம் அடிக்குது. பழைய ஆள் கரை மேல பைக்கை நிறுத்திட்டுப் பாத்துக்கினே இருந்தாரு.

"சரி, படத்துக்கு வாங்க"ன்னு போனைத் தூக்கினேன்.

அடங்கல.

இந்தப் பக்கம் காலனிப் பொம்பளைங்க வந்தா அந்தப் பக்கம் ஊர்ப் பொம்பளைங்க வெட்டுப்படறாங்க. அவங்களைக் கொண்டாந்தா இவங்க போயிடறாங்க. ஏன்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு மாட்டு வண்டி போற அளவுக்கு எடம் கிடக்குது. எப்பவும் அப்டித்தான் நிப்போம். யாரும் நில்லுன்னு சொன்னது கிடையாது, நாங்களா நின்னுக்குவோம். பழைய ஆளோட போன் ரொம்ப அகலமா எடுக்கும், எடத்தையும் சேத்து எடுத்துக்கும். என் போனுக்கு அந்த வசதி இல்ல. நானோ எங்க தெரு ஆளுங்களை வச்சு மட்டும் சோதிச்சுட்டு வந்துட்டேன். அவங்கதான் ஒட்டிக்கினு நிப்பாங்களே!

ஒரு அடி பின்னால போனேன். ரெண்டு அடி போனேன். குதிகால் கால்வாய்ச் சேத்துல இறங்கிடுச்சு. அதுக்கு மேல போவ எடம் இல்ல. கரை மேல இருந்து பழைய ஆள், "இன்னாம்மா, படம் ஏறலியா?"ன்னாரு. நேரம் போவுது. நேரம் தாண்டிட்டா ஆப் மூடிக்கும், முப்பத்திரண்டு பேருக்கும் கூலி போயிடும், என் நோட்டும் போயிடும்.

"எல்லாரும் கிட்ட வந்து நில்லுங்க"ன்னேன்.

ஒருத்தரும் நகரல. எங்க ஆளுங்களே நகரல, குனிஞ்சு தரையப் பாக்கறாங்க. ஊர்ப் பக்கம் முன்னாடி நின்னவங்க ஒரு வயசான அம்மா. அவங்க நிலத்துல எங்க அம்மாவும் நானும் நாத்து நட்டிருக்கோம். அவங்க சொன்னாங்க, "உன் போன் சின்னதுன்னா அதுக்கு நாங்க இன்னாடி பண்ணுவோம்? ரெண்டு படமா எடு."

"ஒண்ணுதாம்மா ஏத்துக்கும்."

"அப்ப அவங்களை முதல்ல எடுத்துட்டு..."

"ஒண்ணுதாம்மா!"ன்னேன். "நடுவுல எடம் வுட்டா ஓரத்துல கீறவங்க வர மாட்டாங்க. இப்ப ஓரத்துல நீங்கதான் கீறீங்க. நீங்க இன்னிக்கி வேலைக்கே வரலன்னுதான் போவும். வந்து நில்லுங்க. எல்லாரும் ஒண்ணா நில்லுங்க."

அந்த அம்மா முந்தானைய இழுத்துச் சொருகிக்கினாங்க. நடந்து வந்தாங்க. வந்து என் ஓரகத்தி பக்கத்துல நின்னாங்க. அவங்க வந்ததும் பின்னாடியே மத்தவங்களும் வந்தாங்க. எங்க ஆளுங்க வழக்கம் போல ஒரு எட்டு தள்ளப் பாத்தாங்க. "அக்கா, நகராதீங்க!"ன்னு கத்தினேன். ஓரகத்தி நகரல. தோளும் தோளும் இடிச்சுது.

எண்ணினேன். முப்பத்திரண்டு. அமுக்கினேன். சக்கரம் சுத்திச்சு, சுத்திச்சு, பச்சை டிக் விழுந்துச்சு. நான் போட்ட சத்தத்துல கால்வாய்ல இருந்த கொக்கெல்லாம் பறந்துடுச்சு. அந்த அம்மா, "எங்க, காட்டு"ன்னு கிட்ட வந்து பாத்தாங்க. மம்மட்டிய எடுத்துக்கினு போயிட்டாங்க.

மத்தியானம் சோறு துன்னறப்ப ஓரகத்தி மெதுவா கேட்டாங்க. "ஏண்டி, அவ்ளோ தொண்டை கிழியக் கத்தினியே. அந்தாளு பைக் நிறுத்தியிருந்த கரை மேல ஏறி நின்னு எடுத்திருந்தா, இருக்கிற எடத்துலயே எல்லாரும் அடங்கியிருப்போமே?"

"தெரியும்க்கா"ன்னேன்.

மத்தியானப் படத்துக்கும் நான் கரை ஏறல.