மார்கழி வேனின் வெள்ளைப் புகை

டீசல் வண்டியின் புகையில் கறுப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று நிறம் உண்டு. மூன்றுமே நாற்றம்தான், ஆனாலும் எனக்குப் பரம எதிரி வெள்ளைதான். கறுப்பாவது மேலே போய்த் தொலையும். வெள்ளை, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு கண்ணைக் கரிக்கும், சட்டையில் ஏறும், ராத்திரி சோற்றைப் பிசையும்போது விரலில் மணக்கும். சீ!

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு பழைய டீசல் வேன் வைத்திருந்தேன். அந்த மார்கழிக்கு எங்கள் தெருப் பெண்கள் என்னைச் சவாரிக்குப் பேசியிருந்தார்கள். மாதம் முழுக்க, விடியுமுன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வேறு சவாரி கிடையாது. இதுவும் போனால் வேனை விற்றுத் தள்ளிவிட்டு மறுபடி மில் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

முதல் நாள், தலைக்குக் குளித்து ஈரமுடியைத் துண்டால் சுற்றிக்கொண்டு எல்லோரும் வேனுக்குப் பின்னால் நின்றார்கள். நான் செல்ஃப் அடித்தேன். சளி கட்டிய நெஞ்சு மாதிரி இருமி இருமி, ஒருவழியாக என்ஜின் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் தெருவைக் காணோம், பெண்களையும் காணோம். வெள்ளைக்குள்ளிருந்து இருமல் மட்டும் வந்தது. புகை விலகியபோது பட்டுச்சேலைகளில் பொட்டுப் பொட்டாக எண்ணெய்.

கூட்டத்துக்குத் தலைவியான அக்கா மூக்கைப் பொத்தியபடி முன்னால் வந்தாள். "ஏந் தம்பி, சாமி கும்பிடக் கூட்டிப் போறியா, கொசு மருந்து அடிக்கியா? ரெண்டு நாளு நாங்க பஸ்ஸுல போறோம். பொறவும் இந்தக் கருமம் வந்துச்சு, வேற வேன் பேசிருவோம், ஆமா."

நேரே டீக்கடைக்கு ஓடினேன். பயந்தவன் போகவே கூடாத இடம் அது. அங்கே ஒரு லாரி டிரைவர், வெள்ளைப் புகை என்றதும் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"ரேடியேட்டர் தண்ணி என்ஜினுக்குள்ள இறங்குதுப்பா. ஹெட் கேஸ்கட் போச்சு. என்ஜின இறக்கணும்."

"எப்படிண்ணே உறுதியாத் தெரியும்?"

"சைலன்சர் வாயில ஈரம் இருக்கும்லா? நக்கிப் பாரு. சப்புன்னு இருந்தா தண்ணி, காறுச்சுன்னா டீசலு."

கிண்டல் என்று கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. வேனுக்கு ஓடிப்போய் நக்கினேன். கரி, துரு, ரோட்டுச் சாணி, எரியாத டீசல் எல்லாம் ஒரே சொட்டில் இருந்தன. குமட்டிக்கொண்டு வந்தது. அன்று நான் தின்ற இட்லியும் டீசல், குடித்த காப்பியும் டீசல். இருந்தும், அது தண்ணீரோ என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை.

வேனை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டிப்போய், தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அவர் ஸ்டார்ட் செய்தார். பொசுக்கென்று பிடித்தது. ஒரு இழை புகை இல்லை.

"எங்கலே புகை?"

"காலையில வந்துச்சுண்ணே! சத்தியமா வந்துச்சு!"

"அம்புட்டுத் தூரம் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டாந்துட்டுப் புகையக் காட்டுன்னா எப்படிலே காட்டும்? ராத்திரி இங்கனயே கிடக்கட்டும். விடியக்காலம் நான் வந்துதான் தொடுவேன்."

வேனிலேயே படுத்துக்கொண்டேன். விடியும் நேரத்தில் ஒரு பயம் பிடித்தது. அவர் முன்னால் ஸ்டார்ட்டே ஆகாமல் போனால் என்ன மரியாதை? சும்மா ஒரு தடவை பார்ப்போமே என்று செல்ஃப் அடித்தேன். புகை பட்டறையை நிறைத்தது. மானம் காக்க, அது முழுக்கத் தெளியும் வரை ஓடவிட்டேன். வாயில் பல்பொடி நுரையோடு அண்ணன் வந்து சேர்ந்தபோது என்ஜின் சுத்தமாக, சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. சொல்லி முடித்து நுரையை என் காலருகே துப்பினார். "சாவியக் குடுலே" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு நாள் வீண்.

மறுநாள் காலை, குளிர்ந்து கிடந்த வேனில் அவரே ஏறினார். டாஷ்போர்டைத் தடவித் தேடினார்.

"ஹீட்டர் கண்ணு எங்கலே?"

சாவி திருப்பியதும் சிவப்பாகக் கனிய வேண்டிய சின்னக் கம்பிச் சுருள் அது. அது சிவந்தால்தான் உள்ளே ஹீட்டர் பிளக்குகள் சூடாகிவிட்டன என்று அர்த்தம். அதன் பிறகே செல்ஃப் அடிக்கவேண்டும்.

"அது ரொம்ப நாளா எரியலைண்ணே. பாக்க அசிங்கமா இருந்துச்சு..."

"அதுக்கு?"

"பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்."

அண்ணன் பிள்ளையாரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மெல்ல உரித்தார். கீழே அந்தக் கண் குருடாகக் கிடந்தது. டெஸ்ட் லைட்டை ஒவ்வொரு பிளக்காக வைத்துப் பார்த்தார். சீரியல் பல்பு மாதிரி எல்லாம் ஒரே வரிசையில் கோத்தவை. ஒன்று எரிந்துபோனதால் அத்தனையும் செத்திருந்தன. மார்கழிப் பனியில் குளிர்ந்த என்ஜினில் டீசல் பற்றாமல், அப்படியே ஆவியாகி வெளியே வந்திருக்கிறது. அதுதான் வெள்ளை. தண்ணீரும் இல்லை, கேஸ்கட்டும் இல்லை. மொத்தத்தில், நான் நக்கியிருக்கவே வேண்டாம்.

புது பிளக் போட்டு வேனை வாங்கி வந்தேன். அடுத்த விடியற்காலை பெண்கள் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்கள், சேலைத் தலைப்பு மூக்கில். ஹீட்டர் கண் சிவக்கும் வரை காத்திருந்து செல்ஃப் அடித்தேன். உடனே பிடித்தது. இரண்டு பொட்டுப் புகை, அவ்வளவுதான்.

"வாங்கக்கா, ஏறுங்க!"

"இரு, இரு. வண்டிய அமத்தாம இறங்கு. நீ போயி சைலன்சருக்குப் பின்னால நில்லு."

நின்றேன். வெள்ளை வேட்டியில் காற்று சூடாக அடித்தது. செத்த நேரம் கழித்து அக்கா வந்து, வேட்டியை விரல் நுனியில் தூக்கி, தெருவிளக்குக்குக் காட்டிப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"டீசல் பொட்டு இல்ல. வேர்வ நாத்தந்தான். ஏறுங்கட்டி எல்லாரும், நேரமாச்சு!"