அவிழ்த்துவிட்ட கோம்பை நாயும் வைரிக் குஞ்சும்

எங்கள் கோம்பை மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தில் வைரி கூடு கட்டியிருந்தது. பருந்தைவிடச் சிறிய வேட்டைப் பறவை அது. ஒரு மாதமாகத் தள்ளி நின்று பைனாகுலரில் பார்த்துவந்தேன். குஞ்சுகள் இரண்டும் கிளைக்குக் கிளை தாவத் தொடங்கியிருந்தன.

அன்று என் மனைவியின் தம்பி, தன் நாயோடு கூட வந்தான். "சங்கிலியை விட்டுறாதே" என்றேன்.

"கோம்பை நாயைக் கட்டி இழுத்துட்டுப் போனா ஊரே சிரிக்கும் மாமா. குருவி பாக்க வந்த ஆளுக்கு இம்புட்டுப் பயமா?"

எங்கள் ஊர்ப் பெயரையே கொண்ட வேட்டை நாய் என்ற திமிர் எனக்கும் உண்டு. "சரி, அவுத்து விடு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குஞ்சு கிளை தவறிப் புல்லில் விழுந்தது. நான் ஓடுவதற்குள் நாய் கவ்விவிட்டது. வாயைப் பிளந்து எடுத்தேன். உயிரில்லை. தாய்ப் பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது.

"பாத்தீகளா வேகத்தை!" என்று சிரித்தான். கன்னத்தில் அறைந்தேன். ஆனால் அவிழ்க்கச் சொன்னவன் நான்தானே?

இப்போது தனியாகத்தான் போகிறேன். நாயோடு யார் வந்தாலும் வழியிலேயே திருப்பி அனுப்புகிறேன். திமிர் பிடித்தவன் என்கிறார்கள். திருப்பி அனுப்பும் இந்தத் திமிர் அன்றைக்கே இருந்திருக்க வேண்டும்.