என்னைக் காப்பாற்றிய பெண், நான் காப்பாற்றிய பெண்

நிஜாம் காலத்தில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் யாருக்காவது ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். மெட்ரிக் படித்தவன் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில், எங்கள் வரிசையில் குடியிருந்த, ரயில்வே பணிமனையில் இயந்திரம் பொருத்தும் வட ஆற்காட்டு பிட்டர் ஒருவர் பின்பக்கத்துக் கிணற்றில் வழுக்கி விழுந்துவிட்டார். அப்போது தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள் கட்டட வேலைக்குப் போகும் ஒரு தெலுங்குப் பெண். கயிற்றை அவரிடம் வீசி, மறுமுனையை வேப்பமரத்தில் சுற்றி இழுத்துப் பிடித்தாள். ஆட்கள் ஓடிவரும்வரை விடவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்துபோயிற்று.

பணிமனையின் வெள்ளைக்காரத் துரை நடந்த விவரத்தை எழுதித் தரச் சொன்னார். பிட்டர் தமிழில் எழுதித் தந்ததை நான் ஆங்கிலமாக்கினேன். 'என்னைக் காப்பாற்றிய பெண்' என்ற இடத்தில் 'ஹூ' போடுவதா, 'ஹூம்' போடுவதா என்று யோசித்தேன். 'ஹூம்' படித்தவன் எழுத்தாகத் தெரிந்தது. அதையே போட்டேன். அடுத்து வந்த 'மீ' இடறவே, அதை 'ஐ' என்று மாற்றி 'சேவ்டு'க்கு முன்னால் வைத்தேன். அந்தப் பெண்ணைப் பிட்டர் காப்பாற்றியதாக ஆகிவிட்டது. எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டி, துரை பிட்டரின் வீரத்தைப் புகழ்ந்தார். நான் அதைத் தமிழில் சொல்லும்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. துரை ஒரு கைக்கடிகாரத்தை நீட்டினார். பிட்டர் கையை நீட்டவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"என்னையக் காப்பாத்துன பொம்பளைன்னுதானே எழுதிக் குடுத்தேன், சார்? நான் காப்பாத்துன பொம்பளைன்னு யாரு சொன்னது?"

பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆங்கிலத்தில் இருந்ததை அவரால் படிக்க முடியாது, கேட்பாரும் இல்லை. ஆனாலும் மறுத்தார். தப்பு என்னுடையது என்று துரையிடம் நானே சொன்னேன்.

பெயரெச்சம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். அதன் அழகு அன்றுதான் புரிந்தது. காப்பாற்றியவருக்கும் காப்பாற்றப்பட்டவருக்கும் தமிழில் 'காப்பாற்றிய' என்ற அதே ஒரு சொல் போதும். ஹூவும் வேண்டாம், ஹூமும் வேண்டாம். முன்னால் நிற்பது 'நான்' என்றால் ஒன்று, 'என்னை' என்றால் வேறொன்று. இலக்கணமே படிக்காத அந்த பிட்டரின் பேச்சில் அது ஒருநாளும் பிசகியதில்லை.

துரை அந்தப் பெண்ணை அழைத்துக் கடிகாரத்தைக் கொடுத்தார். அவள் வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் வழக்கில் "நக்கோ" என்று தலையாட்டினாள். கிணற்றைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்பித் தந்தால் போதும், பிள்ளைகள் நடமாடும் இடம் என்று தெலுங்கில் கேட்டாள். துரை ஒப்புக்கொண்டார். சுவர் வேலைக்கு அவளையே கூலிக்கு வைத்தார்கள். ஷிப்டு முடிந்ததும் பிட்டர் வந்து செங்கல் எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் நானும் சுமந்தேன்.