யாகூப் பாஸின் தாளம் தப்பிய நெஞ்சு

மாத்தளைப் பக்கம் நாலந்தாவில் கராச் வைத்திருக்கும் மெக்கானிக் யாகூப் பாஸுக்கு எஞ்சின் என்றால் காதுதான் கண். ஸ்குரூ ட்ரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைப்பார், பிடியைக் காதில் வைப்பார், கண்ணை மூடுவார். வில்கமுவவிலிருந்து டிரக்டரை இழுத்துக்கொண்டு வந்தவனும் அவர் கண்ணைத் திறக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

போன பெருநாளுக்கு முன்னால் அவருடைய இருதயத்துக்கே புது வால்வு வைத்தார்கள். கொழும்பில். நெஞ்சைப் பிளக்கவில்லை. தொடையில் ஓட்டை போட்டு, இரத்தக் குழாய் வழியே ஏற்றி, பழையதுக்குள்ளேயே புதியதை விரித்துவிட்டார்கள். கழற்றாமல் எப்படிப் பூட்டினான்கள் என்று மனுசன் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்கல் நின்றது. ஆனால் கொஞ்ச நாளில் நெஞ்சு ஒரு மாதிரி அடிக்கத் தொடங்கியது. சீராக ஓடும், தடக்கும், பிறகு கண்டபடி. பாஸ் ஸ்குரூ ட்ரைவரைக் கழுவி நெஞ்சில் வைத்து, பிடியை மனைவி ஹிதாயாவின் காதில் கொடுத்தார்.

"என்ன கேக்குது?"

"ஒங்கட பைத்தியம் கேக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"புதுச் சாமான் ஹிதாயா. ஓடிப் பழகி ரன்னிங் இன் முடியிற வரைக்கும் இப்பிடித்தான் ஓடும்."

"டிரக்டர் செத்தாலும் திரும்பப் பூட்டலாம், அதுக்கு மௌத்து இல்ல. ஒங்களுக்கு ஈக்கி."

உள்ளுக்குள் அவருக்கும் பயம்தான். வால்வு தளர்ந்துவிட்டது என்று சொல்லி, இந்தத் தடவை நெஞ்சைப் பிளந்துவிட்டால்? அவர் சொன்ன சாக்கு எதையும் அவள் கேட்கவில்லை. ஆட்டோவைக் கராச் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினாள்.

மாத்தளையில் டொக்டரம்மா ஈ.சி.ஜி. படத்தை விரித்தார். "வால்வு நல்லா இருக்கு பாஸ். இருதயத்துட மேல் அறைதான் தாளம் தப்பித் துடிக்குது. ரத்தம் அங்க தேங்கி உறைஞ்சு, அது மூளைக்குப் போனா பாரிசவாதம்."

"வால்வு வச்சதாலயா?"

"சிலருக்கு முந்தியே இருக்கும். சிலருக்கு வச்ச பிறகு வரும்."

"எனக்கு?"

"முந்தின படத்துல இல்ல. வந்து வந்து போறதா இருந்திருந்தா, படம் எடுக்கிற நேரம் மாட்டாமலும் இருந்திருக்கலாம்."

இது பாஸுக்கு உடனே விளங்கியது. ரோட்டில் இருமி, கராச்சுக்குள் நல்ல பிள்ளையாக நிற்கும் லொறிகளை அவர் எத்தனையோ பார்த்தவர்.

"அப்ப கொஞ்சம் ஓடவிட்டுப் பாப்பமா?"

"ஓடவிட்டா வாய் கோணிரும். ரத்தம் உறையாம இருக்கக் குளிசை இண்டைக்கே தொடங்கணும். கையை வெட்டிக்கிட்டா லேசுல ரத்தம் நிக்காது, கவனம்."

"என்ட தொழில்ல கை வெட்டுப்படாத நாள் ஏது?"

"அப்ப கையுறை போடுங்க."

ஹிதாயா குளிசை வாங்கி வந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். பிஸ்மி சொல்லி விழுங்கினார். டொக்டரம்மாவின் மேசையிலிருந்து எடுத்து வந்த ஈ.சி.ஜி. படத்தைத் திருப்பிக் கேட்ட தாதியிடம் மட்டும் அவர் கொடுக்கவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து, படத்தில் ஓடும் கோட்டின் ஒவ்வொரு மேட்டையும் நகத்தால் தொட்டு, எங்கே தப்புகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.